அடுத்த கியூ வரவில்லை

நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது விளக்குகளை இயக்கும் கணினி முடங்கிப்போனால், மேடை சட்டென்று இருண்டுவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நீல நிலவொளியில் காதலர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பார்வையாளருக்கு எதுவும் தெரியாது. பொழுது விடிய வேண்டிய இடத்தில்தான் வினை வெளிப்படும். நடிகர் காலை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குவார். மேடை மட்டும் நள்ளிரவிலேயே நிற்கும். அரங்கின் பின்கோடியில் லைட் ஆப்பரேட்டர் ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பார். திரை அசையாது.

மேடை இருளாமல் அப்படியே நிற்பதற்குக் காரணம், கணினி விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை. அமெரிக்காவின் அரங்கத் தொழில்நுட்ப அமைப்பான யூஎஸ்ஐடிடி 1986-இல் வகுத்த டிஎம்எக்ஸ்512 என்ற நெறிமுறைதான் இன்றைக்கும் பெரும்பாலான மேடைகளில் ஓடுகிறது. ஒரு கேபிளில் 512 சேனல்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். இந்த வரிசை முழுவதையும் நொடிக்கு 44 முறை வரை அனுப்பலாம். மேடையில் எதுவும் மாறாவிட்டாலும் அனுப்பிக்கொண்டேதான் இருக்க வேண்டும். வந்த எண் சரிதானா என்று சோதிக்கும் ஏற்பாடு இதில் கிடையாது. அதனால்தான் வாணவெடி, தீப்பிழம்பு போன்ற ஆபத்தான காரியங்களை இதை நம்பி இயக்கக் கூடாது என்கிறார்கள். எண்கள் வருவதே நின்றுவிட்டால்? சில விளக்குகள் கடைசியாக வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும், சில அணைந்துவிடும். பல விளக்குகளில் இதை மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம்.

ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் மேடையைப் பார்க்க வேண்டும். கணினித் திரை அப்புறம். திரையில் கியூக்கள் (வெளிச்சம் மாற வேண்டிய கட்டங்கள்) ஒழுங்காக ஓடுகின்றன, விளக்குகள் மட்டும் நின்றுவிட்டன என்றால், மென்பொருள்மேல் பழி போட முகாந்திரமில்லை. யூஎஸ்பி இணைப்பையோ நெட்வொர்க்கையோ பார்க்க வேண்டும். விளக்குகள் துடிக்கின்றன என்றால் கேபிள், அதன் கடைக்கோடியில் இருக்க வேண்டிய 120 ஓம் டெர்மினேட்டர், கணினியையும் கேபிளையும் இணைக்கும் டிஎம்எக்ஸ் பெட்டி ஆகியவை சந்தேகத்துக்குரியவை. மவுஸ் அம்புக்குறிகூட நகரவில்லை என்றால் பழுது இயங்குதளத்திலோ வன்பொருளிலோ இருக்கிறது.

விளக்குகளைக் கணினியிடம் ஒப்படைத்த கதைக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. 1975-இல் பிராட்வேயில் அரங்கேறிய 'எ கோரஸ் லைன்' இசை நாடகத்துக்கு ஒளியமைத்த தாரன் மஸ்ஸர், எல்எஸ்-8 என்ற நினைவகக் கன்சோலைப் பயன்படுத்தினார். அதற்கு முன் பிராட்வேயில் ஆட்கள் நெம்புகோல்களைப் பிடித்து இழுத்துத்தான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். அன்றைய கன்சோல் அந்த ஒரு வேலைக்காகவே செய்யப்பட்டது. இன்று சிறிய குழுக்கள் கியூஎல்சி பிளஸ் போன்ற இலவச மென்பொருளைச் சாதாரண லேப்டாப்பில் ஏற்றி, யூஎஸ்பி-யிலிருந்து டிஎம்எக்ஸுக்கு மாற்றும் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, முழு நாடகத்தையும் நடத்திவிடுகின்றன. பணமில்லாத குழுக்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் அதே லேப்டாப்பில்தான் கணக்கு வழக்கு, வீடியோ எடிட்டிங், வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் நடக்கின்றன. பல முடக்கங்களின் ஊற்று இங்கேதான் இருக்கிறது.

அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் தனிச் செயலி இருக்கும். கணினி ஒருமுறை எண்களைக் கொடுத்துவிட்டால், மின்சாரம் இருக்கும்வரை பெட்டியே அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்பும். மென்பொருள் நின்றாலும் மேடையில் வெளிச்சம் இருக்கும். மலிவான இன்னொன்றில் செயலி கிடையாது. நேரக்கணக்கு முழுவதும் கணினியின் தலையில். மைக்ரோ நொடிகளில் நடக்க வேண்டிய வேலை அது. விண்டோஸோ தனக்கு ஒழிந்தபோது செய்யும் இயங்குதளம். பின்னணியில் ஆன்டிவைரஸ் கிளம்பினால் போதும், விளக்குகள் நடுங்கத் தொடங்கும்.

2014 அக்டோபரில் நடந்தது இந்தப் பெட்டிகளின் வரலாற்றில் ஒரு பாடம். இவற்றில் பலவற்றுக்குள் இருப்பது ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனம் வடிவமைத்த யூஎஸ்பி சிப். அதன் போலிகளும் சந்தையில் ஏராளம். அந்த நிறுவனம் வெளியிட்ட புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக உலகெங்கும் போய், போலி சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றியது. நேற்றுவரை வேலை செய்த கருவியைக் கணினி இன்று அடையாளம் காணவில்லை. எதிர்ப்பு வலுத்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. தம்மிடம் இருப்பது போலி என்றே அறியாமல் வாங்கியவர்களுக்கு இது அநியாயமான அடி. அரங்கத்துக்காரர்களுக்கு இதில் தெளிவான செய்தி உண்டு: ஒத்திகை தொடங்கியபின் அந்தக் கணினியில் டிரைவரோ மென்பொருளோ எதையும் புதுப்பிக்கக் கூடாது.

விண்டோஸ் தானாகவே புதுப்பித்துக்கொண்டால்? 2016-இல் விண்டோஸ் 10-இல் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' வந்தது. அந்த நேரத்துக்குள் கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது. ஆனால் ஆரம்ப அமைப்பில் அது காலை 8 முதல் மாலை 5 வரை. அலுவலகத்துக்குப் பொருந்தும் கணக்கு. நாடகம் தொடங்குவதோ மாலையில்! இந்த நேரத்தை மாற்றிவைப்பது, ஸ்லீப்பை அணைப்பது, மின்சிக்கனத்துக்காக யூஎஸ்பி இணைப்பை உறங்கவைக்கும் வசதியை நிறுத்துவது, வைஃபையைத் துண்டிப்பது ஆகிய நான்கையும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் கணினி முடங்கினால், பலர் உடனே விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். இதைவிடத் தவறான முதல் வேலை வேறில்லை. தடயமெல்லாம் அதோடு போய்விடுகிறது. விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' நடந்ததையெல்லாம் நேரத்தோடு எழுதிவைத்திருக்கும். அதில் 1000 என்ற எண்ணுள்ள 'அப்ளிகேஷன் எரர்' இருந்தால், ஒரு நிரல் மட்டும் விழுந்திருக்கிறது என்று பொருள். எந்தக் கோப்பில் விழுந்தது என்பதும் அங்கேயே இருக்கும். 'கெர்னல் பவர் 41' இருந்தால், கணினி முறையாக மூடப்படாமலே மறுபடி கிளம்பியிருக்கிறது. மின்சாரம், சூடு, நீலத்திரை என்று தேட வேண்டும். ஆப்பரேட்டர் முடங்கிய நிமிடத்தையும் அப்போது ஓடிய கியூ எண்ணையும் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால், பாதி வேலை முடிந்தது.

அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். புதிய ஷோ கோப்பு ஒன்றில் சில கியூக்களை மட்டும் எழுதி இரவு முழுவதும் சுற்றவிடலாம். முடங்கவில்லையென்றால் பழைய கோப்பின்மேல் சந்தேகம் வலுக்கும். பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டலாம். கேபிளை மாற்றி ஓட்டலாம். முப்பரிமாண முன்னோட்டம் காட்டும் மென்பொருளும் அதே கணினியில் ஓடுகிறதென்றால் அதை நிறுத்திப் பார்ப்பது அவசியம். கிராஃபிக்ஸ் சிப் 2 நொடி பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை மீட்டமைக்கும். அந்த அதிர்ச்சியில் சில நிரல்கள் மூடிக்கொள்ளும்.

கணினிக்கு வெளியே இருக்கும் எதிரிகளும் உண்டு. புகை இயந்திரத்தின் கிளைக்கால் ஆவி லேப்டாப் விசிறியில் படிந்து தூசியைப் பிடித்துவைக்கும். சூடு ஏறியதும் செயலி வேகத்தைக் குறைக்கும், எல்லை தாண்டினால் கணினி அணைந்துவிடும். ஒரே மின்வழியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்களும் கணினியும் இருந்தால், டிம்மர் வெட்டும் மின் அலையின் இரைச்சல் யூஎஸ்பி வரை வரும். மின்தனிமைப்படுத்தல் உள்ள பெட்டி இதைத் தடுக்கும். ஜெனரேட்டரில் நடக்கும் நிகழ்ச்சிகளில், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும் சீரான மின்சாரம் தரும் ஆன்லைன் வகை யூபிஎஸ் நல்லது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் முடங்கத்தான் செய்யும். உயரமான தட்டில் ஆடுபவர், தரைத்திறப்பின் அருகே நிற்பவர் ஆகியோரின் கால் எலும்பு வெளிச்சத்தை நம்பியிருக்கிறது. பெரிய அரங்குகளில் இரண்டு கன்சோல்கள் ஒன்றாக ஓடும். எஸ்ஏசிஎன் என்ற நெட்வொர்க் முறையில் ஒவ்வொரு கன்சோலுக்கும் 0 முதல் 200 வரை முன்னுரிமை எண் உண்டு. முதல் கன்சோலிடமிருந்து 2.5 நொடி தகவல் வராவிட்டால், குறைந்த முன்னுரிமையில் காத்திருக்கும் மற்றதன் கட்டளையை விளக்குகள் ஏற்கும். அந்த வசதி இல்லாத குழு, மலிவான ஒரு டிஎம்எக்ஸ் போர்டில் மேடை முழுவதும் தெரியும்படியான பொது வெளிச்சத்தைப் பதிந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கேபிளை இதற்கு மாற்ற ஒரு ஸ்விட்ச் போதும். ஒத்திகையின்போது கணினியை வேண்டுமென்றே அணைத்து, அந்த ஸ்விட்சைப் போட எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டேஜ் மேனேஜர் கணக்கெடுத்து வைத்துக்கொண்டால், அந்த இடைவெளியில் யார் எங்கே அசையாமல் நிற்க வேண்டும் என்பதையும் நடிகர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.