தோட்டத்துப் புழுங்கல் சோறும் இனிப்பு நீரும்

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். கால் வீங்கி, நெஞ்சடைத்து ஆளைக் கொல்லும் பெரிபெரி, தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. தோட்டத்துத் தமிழர்களை அநேகமாகத் தொடவில்லை. அவர்கள் பானையில் வெந்தது புழுங்கலரிசி. 1907-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். கெட்ட அரிசியின் நஞ்சுதான் காரணம் என்று அவர் நம்பியது சரியல்ல. ஜெலுபு வட்டாரத்தில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் ஆய்வாளர்கள் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நடத்திய சோதனை, தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தே காரணம் என்ற முடிவுக்கு வழிவிட்டது. இன்று அதைத் தயமின் என்கிறோம்.

அரிசியைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்ன அதே மாநிலம், இன்று இனிப்பு நீர் எனும் நீரிழிவில் முன்வரிசையில் நிற்கிறது. 2019-இன் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது, இந்தியர்களில் 31.4.

சோற்றை விட்டுவிடு என்கிறார்கள். அந்த அறிவுரை எனக்கு உடன்பாடில்லை. தாத்தா பாட்டியும் சோறுதான் தின்றார்கள்; ஆனால் இருட்டோடு ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக்குப் போய், மரம் மரமாக வெட்டி, காண்டாவில் பால் வாளி சுமந்தார்கள். உழைக்கும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பேரப்பிள்ளைகள் செனவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு அப்படியே படுக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் தாமானைச் சுற்றி நடந்தாலே சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது.

உண்ணும் வரிசைக்கும் பலன் உண்டு. 2015-இல் நியூயார்க் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் நீரிழிவுள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். காய்கறியும் கோழியும் முதலில், மாவுச்சத்து பிறகு என்றபோது, ஒரு மணி நேரத்துச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 37 விழுக்காடு குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கீரையையும் மீனையும் முதலில் முடித்து, சோற்றைக் கடைசியில் தொட யாருக்கும் காசு செலவில்லை.

புழுங்கலரிசிக்குத் திரும்புவதும் நல்லது. நெல்லை அவித்து உலர்த்தும்போது மாவுச்சத்து இளகி மறுபடி இறுகுவதால், பெரும்பாலும் சற்று மெதுவாகச் செரிக்கிறது. எவ்வளவு மெதுவாக என்பது நெல் ரகத்தைப் பொறுத்தது. ஆறிய சோற்றிலும் இதே இறுக்கம் சிறிதளவு நிகழ்கிறது. ஆனால் இந்த வெக்கையில் சோற்றை வெளியே விட்டுவைக்காதீர்கள், கிருமி பெருகும். ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, பசியாறும்போது டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர் இரண்டு கிளாஸ் குடித்தால் பலன் கரைந்துவிடும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சோற்றின் அளவையோ நடையையோ மாற்றுமுன் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். சர்க்கரை மிகவும் இறங்கினால் அதுவும் ஆபத்து.