ஓமந்தூரார்: கோட்டைக்குள்ள தனக்குன்னு கோட்டை கட்டாத மனுஷன்

(செஞ்சியில் பதிவு செய்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

பின்னாடி காத்துச் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னைக்கு ஸ்டூடியோ கிடையாது. செஞ்சிக் கோட்டையில, ராஜகிரி அடிவாரத்துல உட்கார்ந்து பேசிட்டு இருக்கேன்.

2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல இந்தக் கோட்டை வந்ததுல இருந்து கூட்டத்துக்குக் குறைச்சல் இல்ல. மராத்தியர் கோட்டைகள்னு மொத்தம் 12 கோட்டைகளைச் சேர்த்தாங்க. அதுல 11 மகாராஷ்டிராவுல இருக்கு. தமிழ்நாட்டுல இது ஒன்னுதான். இங்க யாரைக் கேட்டாலும் தேசிங்கு ராஜா கதையைச் சொல்லிடுவாங்க. ஆற்காடு நவாப் படையோட மோதி 1714-ல செத்துப்போனப்ப அவருக்கு வயசு 22தான். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்ல. ஆனா அவரையும் அவர் குதிரையையும் முந்நூறு வருஷமா ஊரு மறக்கல.

இப்ப அதே பழைய தென்னாற்காடு மாவட்டத்துல இருந்து இன்னொருத்தர். இங்கிருந்து கிழக்கே போனா முப்பது கிலோமீட்டருக்குள்ள திண்டிவனம் வந்துடும். அந்தத் தாலுகாவுல ஓமந்தூர்னு ஒரு கிராமம். அங்க பொறந்த ஒரு விவசாயி, ரெண்டு வருஷம் சென்னை மாகாணத்தையே நடத்தினார். 1947 ஆகஸ்ட் 15 அன்னைக்கு இந்த மாகாணத்தோட ஆட்சித் தலைவர் அவர்தான். "ஓமந்தூரார் தெரியுமா?"ன்னு என் நண்பர்கள்கிட்ட கேட்டேன். வந்த பதில்: "அண்ணா சாலை ஆஸ்பத்திரி தானே?"

ஆமா, அந்த ஆஸ்பத்திரிதான். 2010-ல சட்டமன்றத்துக்குன்னு கட்டி, 2014-ல மருத்துவமனையா மாறின கட்டடம். அது நிக்கிற வளாகத்துக்கு இவர் பேரு. இன்னைக்கு எபிசோட் அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கிற ஆளைப் பத்தி. ஒரே ஒரு கேள்வியை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க: ரெண்டு வருஷத்துல இவ்வளவு செஞ்ச ஒருத்தரை அவர் கட்சிக்காரங்களே ஏன் இறக்கினாங்க?

முதல்வர் இல்ல, பிரதமர்

முழுப் பேரு ஓ. பி. ராமசாமி ரெட்டியார். பொறந்தது 1895 பிப்ரவரி 1. காங்கிரஸ்காரர், காந்தி பக்தர், வள்ளலார் வழியில ரொம்பப் பிடிப்பு உள்ளவர். திருவண்ணாமலை ரமணர் மேலயும் பெரிய ஈடுபாடு. திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போகணும்னா இந்தச் செஞ்சி வழியாத்தான் போகணும். நான் இன்னைக்கு பஸ்ல வந்ததும் அதே ரோடுதான்.

அப்ப முதலமைச்சர்னு சொல்ற வழக்கம் இல்ல. மாகாணத் தலைவருக்கு 'பிரீமியர்'னு பேரு. தமிழ்ல பிரதமர், பிரதம மந்திரின்னு எழுதுவாங்க. 1950-ல அரசியல் சட்டம் வந்த பிறகுதான் 'முதலமைச்சர்' வந்தது. மாகாணமும் இன்னைக்கு இருக்கிற தமிழ்நாடு இல்ல. ஆந்திர மாவட்டங்கள், மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. ஒரே சட்டசபையில தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுறவங்க உட்கார்ந்திருந்தாங்க.

1946 தேர்தல்ல காங்கிரஸ் ஜெயிச்சது. ஆனா உள்ளுக்குள்ள ராஜாஜி அணி, காமராஜர் அணி, ஆந்திரத் தலைவர் பிரகாசத்தோட அணின்னு பல கோஷ்டி. முதல்ல பிரகாசம் பிரதமர் ஆனார். ஒரு வருஷம் முடியறதுக்குள்ள சொந்தக் கட்சியிலேயே ஆதரவு போயிடுச்சு. அடுத்து யாருன்னு தேடினப்ப, கோஷ்டிச் சண்டையில பெருசா சிக்காத, நாணயமான ஆளுன்னு பேர் வாங்கின ஓமந்தூராரைப் பிடிச்சாங்க. காமராஜர் அப்ப தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். அவர் ஆதரவும் இருந்துச்சு. 1947 மார்ச் 23 அன்னைக்குப் பதவி ஏத்துக்கிட்டார்.

இதைக் கவனிங்க. அவர் பதவிக்கு வந்ததே தனக்குன்னு ஒரு கூட்டம் இல்லாததாலதான். கடைசியில பதவி போனதும் அதனாலதான். அதுக்கு அப்புறம் வரேன்.

ரெண்டு வருஷத்துல என்ன நடந்தது

முதல்ல கோயில். 1939-ல மதுரை மீனாட்சி அம்மன் கோயில்ல வைத்தியநாத ஐயர் தலைமையில ஆலயப் பிரவேசம் நடந்தது பலருக்குத் தெரியும். அதுக்கு அப்புறமும் எல்லாக் கோயிலும் திறந்துடல. 1947-ல வந்த ஆலயப் பிரவேசச் சட்டம்தான் தலித் மக்கள் உள்ள போறதை மாகாணம் முழுக்க உரிமையா ஆக்கினது.

ரெண்டாவது, தேவதாசி ஒழிப்பு. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுறதை நிறுத்தணும்னு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-லேயே மசோதா கொண்டுவந்தாங்க. அது பல வருஷம் கிடப்புல கிடந்தது. 1947-ல இந்த ஆட்சியிலதான் சட்டமாச்சு. பொட்டுக்கட்டினா குற்றம், ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள் கல்யாணம் பண்ணிக்கிட்டா அது செல்லும்னு சட்டம் சொல்லுச்சு.

மூணாவது, மதுவிலக்கு. கொஞ்சம் கொஞ்சமா மாவட்டங்களுக்கு விரிவாக்கி, 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள்ல மாகாணம் முழுக்கக் கொண்டுவந்தாங்க.

நாலாவது, பாரதியார். அவரோட பாட்டுகளோட உரிமை தனியார் கையில இருந்துச்சு. 1949-ல அரசு அதை எடுத்துக்கிட்டது. பின்னாடி அது மக்கள் எல்லாருக்கும் பொதுவாச்சு. இன்னைக்கு யாரு வேணும்னாலும் பாரதியை ரீமிக்ஸ் பண்ணலாம்னா, அந்தக் கதை தொடங்கின இடம் இது.

பதினாலு இடம்

இப்ப ரொம்ப முக்கியமான ஒன்னு. வகுப்புவாரி உரிமை. நீங்க காலேஜ் சேரும்போது நிரப்பின ஃபார்ம்ல பி.சி.ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு இல்லையா, அதோட வேர் இங்கதான் இருக்கு.

1920-கள்ல வந்த ஆணையில அரசு வேலையை 12 இடமா பிரிச்சாங்க. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இதுல ஒரு சிக்கல். 'பிராமணரல்லாதோர்'ங்கிற பெரிய பையில நிலமும் படிப்பும் இருந்த சாதிகள் முன்னாடி வந்து எடுத்துக்கிட்டாங்க. பின்தங்கின சாதிகளுக்கு எதுவும் மிஞ்சல.

1947 நவம்பர்ல இந்தக் கணக்கை மாத்தினாங்க. மொத்தம் 14 இடம். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியா 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியர்களுக்கு 1. பிற்படுத்தப்பட்டோர்னு தனியா ஒரு பங்கு விழுந்தது இதுலதான் முதல் தடவை. மூணு நாலு வருஷத்துல இந்த ஏற்பாடே கோர்ட்டுக்குப் போச்சு. செண்பகம் துரைராஜன் வழக்கு. 1951-ல உச்ச நீதிமன்றம் கல்லூரி இடத்துல இப்படிப் பிரிக்கிறது செல்லாதுன்னு சொன்னதும், அரசியல் சட்டத்தையே முதல் தடவையா திருத்த வேண்டியதாச்சு.

ஜமீன் போன கதை

அடுத்து நிலம். ஜமீன் முறை எப்படி வேலை செஞ்சதுன்னு சுருக்கமா சொல்றேன். கம்பெனிக்காரன் 1802-ல ஒரு ஏற்பாடு பண்ணினான். ஜமீன்தார் வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு ஒரு நிலையான தொகை கட்டணும். அதுக்குப் பேஷ்குஷ்னு பேரு. அது ஏறாது. ஆனா உழுறவங்ககிட்ட வாங்குற வாரத்தை ஏத்திக்கிட்டே போகலாம். நடுவுல நிக்கிற தொகை ஜமீனுக்கு.

1947-ல முதல்ல அந்த வாரத்தைக் குறைச்சு ஒரு சட்டம். 1948-ல நேரா ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஜமீன்தாருக்கு நஷ்டஈடு கொடுத்துட்டு, நிலத்தை அரசு எடுத்து, சாகுபடி செய்யுற ரயத்துக்கு நேரடிப் பட்டா. ராமநாதபுரம், சிவகங்கை மாதிரி பெரிய ஜமீன்கள் எல்லாம் இதுல வந்தது.

முழுசா கொண்டாட முடியாத இடமும் இருக்கு. பட்டா கிடைச்சது ரயத்துக்கு. அந்த ரயத்தோட வயல்ல கூலிக்கு நாத்து நட்டவங்களுக்கு இந்தச் சட்டத்துல எதுவும் இல்ல.

மறுபக்கமும் சொல்லணும்

போன வாரம் ஒரு நேயர் மெசேஜ் பண்ணியிருந்தாங்க: "அண்ணா, நீங்க யாரைப் பத்திப் பேசினாலும் கடைசியில அவங்க தங்கம் ஆயிடுறாங்க." நியாயமான அடி. வாங்கிக்கிறேன்.

இதே ஆட்சியிலதான் 1948-ல பள்ளிக்கூடத்துல இந்தி கட்டாயமா வந்து, தமிழ்நாட்டுல பெரிய எதிர்ப்பு கிளம்பினது. அதே வருஷம் பெரியாரோட கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும் இந்த ஆட்சிதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கோயில், மடங்களோட கணக்கு வழக்கை அரசு கண்காணிக்கணும்னு ஒரு மசோதாவை ஓமந்தூரார் முன்னாடி கொண்டுவந்தார். 1951-ல வந்த அறநிலையச் சட்டத்துக்கு அடித்தளம் அதுதான். அந்த மசோதாவும் வகுப்புவாரி ஆணையும் பிடிக்காதவங்க அவருக்கு வச்ச பேரு 'தாடியில்லாத ராமசாமி'. அதாவது பெரியார் தாடி வச்ச ராமசாமி, இவர் தாடி வைக்காத ராமசாமி. தினமும் சாமி கும்பிடுற மனுஷனுக்கு, கருஞ்சட்டையைத் தடை பண்ணின மனுஷனுக்கு, இந்தப் பட்டம்!

ஏன் இறக்கினாங்க?

இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம். யுத்தம் முடிஞ்ச காலம் அது. அரிசிக்கு ரேஷன், துணிக்குக் கண்ட்ரோல், தொழிலுக்கு லைசென்ஸ், பஸ்ஸுக்குப் பெர்மிட். எல்லாமே அரசாங்கக் கையெழுத்துல நிக்குது. ஜெயில்ல இருந்துட்டு வந்து எம்.எல்.ஏ. ஆனவங்ககிட்ட ஊர்க்காரங்க வந்து நிப்பாங்க. "நம்ம ஆட்சிதானே, சொல்லி வாங்கிக் கொடுங்க." எம்.எல்.ஏ. கோட்டைக்குச் சிபாரிசோட போவார். அந்த இடத்துல ஓமந்தூரார் இடம் கொடுக்கல. அதிகாரிங்க வேலையில தலையிடக் கூடாது, சிபாரிசு வேண்டாம்னுட்டார்.

எம்.எல்.ஏ. பக்கம் இருந்தும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. தொகுதிக்காரன் பிரச்சனையைக் கொண்டுபோறது அவர் வேலைதானே? எது மக்கள் குறை, எது சிபாரிசு? அந்தக் கோடு எங்க விழுதுங்கிறது இன்னைக்கும் கஷ்டமான கேள்வி. ஓமந்தூரார் கோட்டை ரொம்பக் கண்டிப்பா போட்டார். அதனால ஜமீன் பக்கம், மடத்துப் பக்கம், பழைய கோஷ்டிப் பக்கம் ஏற்கெனவே எதிரி இருந்தவருக்கு, சொந்த எம்.எல்.ஏ.க்களும் தூரமானாங்க. 1948-ல பிரகாசம் தரப்பு போட்டி போட்டப்ப ஜெயிச்சுட்டார். அடுத்த வருஷம், கொண்டுவந்தவங்களே கைவிட்டாங்க. 1949 ஏப்ரல்ல குமாரசாமி ராஜா பிரதமர் ஆனார்.

இங்க உட்கார்ந்து இந்த மலையைப் பார்த்தா ஒன்னு தோணுது. சிவாஜியோட மகன் ராஜாராம் இந்தக் கோட்டையை வச்சுக்கிட்டு முகலாயப் படையை ஏழெட்டு வருஷம் தாக்குப்பிடிச்சார். மூணு மலை, சுத்திலும் மதில், உள்ள தானியக் களஞ்சியம், குளம். அரசியல்ல அந்த மதிலுக்குப் பேரு கோஷ்டி. உள்ள இருக்கிற தானியம்தான் லைசென்ஸும் பெர்மிட்டும். அதைப் பங்கு போட்டாதான் உங்க ஆளுங்க உங்களுக்காக நிப்பாங்க. ஓமந்தூரார் ஜார்ஜ் கோட்டையில ரெண்டு வருஷம் இருந்தும் பங்கு போட மறுத்துட்டார். முற்றுகை வந்தப்ப மதில் இல்ல.

ஆனா பங்கு போட்டிருந்தா, அந்தச் சட்டமெல்லாம் வந்திருக்குமா? ஜமீனுக்கும் மடத்துக்கும் வேண்டியவங்க எல்லாக் கோஷ்டியிலும் இருந்தாங்க. யாருக்கும் கடன்படாத ஒருத்தரால மட்டும்தான் அதையெல்லாம் அவ்வளவு வேகமா செய்ய முடிஞ்சதுன்னு நான் நினைக்கிறேன். நீங்க ஒத்துக்கலைன்னா எழுதுங்க, பேசலாம்.

வடலூர்

பதவி போன பிறகு அவர் திரும்பி வந்து பழிவாங்கல. புதுக் கட்சி ஆரம்பிக்கல. வடலூர் போயிட்டார். வள்ளலார் 1867-ல தருமசாலை தொடங்கின ஊர். பசின்னு வந்தவங்களுக்குச் சோறு போடுறதுக்காக அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது. அந்த ஊர்ல ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு இல்லம், பள்ளிக்கூடம்னு மிச்ச வாழ்க்கையைக் கழிச்சார். 1970 ஆகஸ்ட் 25-ல அங்கேயே காலமானார்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை தரேன். வீட்டுல தாத்தா பாட்டி இருந்தா, உங்க குடும்ப நிலத்துக்குப் பட்டா எப்ப வந்துச்சு, அதுக்கு முன்னாடி யாருக்கு வாரம் அளந்தாங்கன்னு கேளுங்க. நிலமே இல்லாத குடும்பம்னா, யாரு வயல்ல வேலை செஞ்சாங்கன்னு கேளுங்க. வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கிறோம்.

வெயில் ஏறிடுச்சு. கல்லு சுட ஆரம்பிச்சாச்சு. நான் கீழ இறங்கி, வெள்ளரிப் பிஞ்சு விக்கிற அக்காகிட்ட ஒன்னு வாங்கிட்டு, திண்டிவனம் பஸ் பிடிக்கிறேன். அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.