மரவள்ளித் தழையின் இருவகைப் பயன்

மரவள்ளி பிடுங்குங் காலத்தில் செம்மேட்டுப் பக்கம் நடப்போர், வரப்போரங்களில் தழை குவிந்து கிடப்பதைக் காண்பர். கிழங்கு லாரியேறி, 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சென்றுவிடுகிறது. நல்ல குச்சிகள் மறுநடவுக்கு ஒதுக்கப்படுகின்றன. தழைக்கு மட்டும் விலை இல்லை. பச்சைத் தழையைத் தின்ற ஆடு மாண்டுபோகும் என்பதை அறிந்த நம் விவசாயிகள், அதனைத் தீவனமாக்கவும் அஞ்சுகின்றனர்.

அவ்வச்சத்திற்குக் காரணமான நஞ்சே இன்று பயனுள்ள சரக்காகியிருக்கிறது. மரவள்ளி இலை நசுங்கும்போது அதிலுள்ள லினமாரின் என்னும் பொருள் சிதைந்து, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. 1963-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார், இவ்விலைச் சத்தை இயந்திரத்தின் வாயிலாகப் பிரித்து, நன்மா, மேன்மா, ஸ்ரேயா என்னும் பூச்சிக்கொல்லிகளை உருவாக்கினர். வாழைத் தண்டைத் துளைக்கும் வண்டையும் மாவுப்பூச்சி முதலியவற்றையும் இவை அடக்குகின்றன. வாழை பயிரிடும் நமக்கு இது அயலார் செய்தியன்று.

சத்து எடுத்தபின் எஞ்சும் சக்கையையும் அவர்கள் எறிந்துவிடவில்லை. காற்றுப்புகாக் கலத்தில் அதனை நொதிக்கச் செய்து, மீத்தேன் வாயு பெற்று, அதனைக்கொண்டு மின்சாரமும் உண்டாக்கிக் காட்டினர். எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்கைப் பசுவுக்கு வைத்து, சாணத்தை வயலுக்கு இடுகிறோமல்லவா? முறை அதுவேதான்.

எரிபொருள் ஒன்றை மட்டும் நாடினால், தழை சேர்க்கும் கூலிக்கே வருமானம் போதாமற் போகலாம். விலையுள்ள பொருள் முதலில் கிடைத்தால் கணக்கு மாறும். அஸ்ஸாம் மாநிலம் நுமலிகட்டில் 2025 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற ஆலை, மூங்கிலிலிருந்து எத்தனாலுடன் பர்ஃபுராலும் அசிட்டிக் அமிலமும் எடுக்குமாறு அமைக்கப்பட்டதும் இக்கருத்துப் பற்றியே. அத்தகைய பேராலை நம் மலைக்கு ஏறிவரப் போவதில்லை; அதற்காக ஏங்கவும் வேண்டா.

ஆனால் தழையை மலையிறக்கி விற்கலாம் என்று எண்ணுவோர் சற்றே பொறுத்தல் வேண்டும். வாடினால் நஞ்சு குறைந்துவிடும். பச்சையாகவே ஏற்றினால் தண்ணீருக்கு வண்டிச்சத்தம் கொடுத்தவராவோம். மேலும், மரவள்ளி மண்ணின் சத்தை மிகுதியாக உறிஞ்சுவது. கிழங்கோடு தழையும் கீழே போய்விட்டால் சரிவு நிலத்திற்கு மிஞ்சுவது யாது? ஆதலின், அமைப்பதாயின் கலமும் இயந்திரமும் மலைமீதே அமைதல் வேண்டும். வாயு எடுத்தபின் வரும் கசடு தழை கொடுத்தவர் காட்டுக்கே திரும்புதல் வேண்டும். ஒரு பஞ்சாயத்தால் இயலாததைச் சில பஞ்சாயத்துகள் கூடிச் செய்யலாம். அங்கத்தினர்கள் மேற்சொன்ன நிலையத்திற்கு எழுதி, இயந்திரத்தின் விலை, உரிமக் கட்டணம், நாளொன்றுக்கு வேண்டும் தழை ஆகியவற்றைக் கேட்டறிந்தபின் தீர்மானம் இயற்றுவது நலம்.

நஞ்சு பிரிக்கும் வேலையை எவரும் வீட்டில் முயலலாகாது. அடைத்த அறையில் தழையை அரைப்பது உயிருக்கே ஆபத்து. சாண எரிவாயுக் கலம் வைத்திருப்போர், வாடவைத்து நறுக்கிய தழையைச் சாணத்துடன் சிறிதளவே சேர்த்துப் பார்க்கலாம். அளவு மிஞ்சினால் நார் மேலே ஏடுபோலப் படிந்து, வாயு தடைப்படும். மார்கழி, தை மாதக் குளிரில் வாயு குறைவது இயல்பு. அதற்காகத் தழையை மேலும் கொட்டிவிடலாகாது.