முகவரியோடு ஒன்றைக் கூட்டுவது ஏன்?

லினக்ஸ் கெர்னல், 4096 பைட் கொண்ட ஒவ்வொரு நினைவகப் பக்கத்துக்கும் பொதுவாக 64 பைட் அளவில் ஒரு விவரப் பதிவை வைத்திருப்பதால், 16 ஜிபி நினைவகத்தில் 256 எம்பி அதற்கே செலவாகிறது. எனவே அப்பதிவில் ஒரு பிட்டைக்கூட வீணாக்க இயலாது. பக்கம் ஒரு கோப்பைச் சார்ந்ததா, கோப்புத் தொடர்பற்ற ‘அனானிமஸ்’ வகையா என்பதைக் குறிக்கத் தனி இடம் ஒதுக்காமல், பிந்தைய வகையாயின் பதிவில் எழுதப்படும் அதற்குரிய தரவமைப்பின் முகவரியோடு 1 கூட்டப்படுகிறது. இத்தகைய முகவரிகள் 4 அல்லது 8ஆல் வகுபடுவதால் அவற்றின் கடைசி பிட் இயல்பில் 0. அங்கு 1 இருப்பின் அது அடையாளமே.

நுட்பமான இடர் இதற்குப் பின்னரே எழுகிறது. முகவரியை எழுதுவதையும் அடையாளத்தை இடுவதையும் கம்பைலர் இரு படிகளாகப் பிரித்துவிட்டால், பூட்டு இன்றி அவ்விடைவெளியில் படிக்கும் மற்றொரு பிராசசர் அதைக் கோப்புப் பக்கமெனக் கொண்டு தவறான தரவமைப்பைக் கையாளும். அதனாலேயே இரண்டும் ஒரே எழுதலாக நிகழுமாறு கட்டாயப்படுத்தப்பட்டு, வரியைப் பார்த்த அளவில் புலப்படாத அக்காரணம் நிரலுக்கு மேலேயே குறிப்பாகவும் எழுதப்பட்டுள்ளது.