பரீக்ஷைத் தாளும் பள்ளிக் குழந்தையும்

ஆரம்பப் பாடசாலைக் குழந்தைகளுக்குச் சர்க்கார் பொதுப் பரீக்ஷை வைக்கலாமா என்னும் கேள்வி நம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை. 2019 ஜனவரியில் இந்தியப் பார்லிமெண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் பரீக்ஷை வைத்துத் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க இடங்கொடுத்தது. அவ்வருஷம் செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் அத்தகைய பரீக்ஷையை நடத்த உத்தரவிட்டு, பலமான எதிர்ப்புக் கிளம்பவே, 2020 பிப்ரவரி 4-ந் தேதி அதை ரத்துச் செய்தது. மகிழ்ந்தவர்களில் நாமும் சேர்ந்தவரே. ஆயின் ரத்தானது உத்தரவேயன்றிச் சட்டமன்று. 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் தன் நேர்ப்பார்வையிலுள்ள பாடசாலைகளுக்கு அவ்விதியைப் பிறப்பித்தும் விட்டது. ஆதலின், இத்தகைய பரீக்ஷை வேரூன்றிய ஒரு தேசத்தில் நடந்ததை நேயர்கள் விவரமாக அறிதல் நலம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2002 ஜனவரியில் ஒரு சட்டம் பிறந்தது. எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது என்பது அதன் பெயரின் பொருள். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வருஷந்தோறும் வாசிப்பிலும் கணக்கிலும் இராஜ்யப் பரீக்ஷை. 2014-க்குள் எல்லாக் குழந்தைகளும் தேறியாக வேண்டும். தவறும் பாடசாலைகள்மீது படிப்படியாக நடவடிக்கை. ஏழைக் குழந்தைகளின் குறையை மூடிவைக்க இனி இயலாது என்று நல்லெண்ணமுடையோர் பலர் இதை வரவேற்றனர். அவ்வெண்ணத்தில் நாம் குறை காணவில்லை.

ஜார்ஜியா இராஜ்யத்தின் தலைநகர் அட்லாண்டா. அந்நகரப் பொதுப் பாடசாலைகளில் பயின்ற குழந்தைகளில் பெரும்பாலோர் ஏழைகள்; கறுப்பினத்தவர். பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேர் தேறவேண்டுமென இலக்கு வகுத்தார்கள். எட்டினால் வெகுமதிப் பணம். எட்டாவிடில் தலைமை உபாத்தியாயரின் வேலைக்கே ஆபத்து. மார்க்குகள் மளமளவென்று ஏறின. நகரக் கல்வித் தலைமை அதிகாரி பெவர்லி ஹால் அம்மையாருக்கு 2009-ல் தேசத்தின் சிறந்த கல்வியதிகாரி என்ற விருதும் கிடைத்தது.

அவ்வருஷத்துத் தாள்களை ஆராய்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. குழந்தைகள் சிறு வட்டங்களைப் பென்சிலால் நிரப்பி விடை குறிக்கும் பரீக்ஷை அது. தவறான வட்டத்தை ரப்பரால் அழித்துச் சரியான வட்டத்தை நிரப்பிய தடயங்கள், சில வகுப்புகளில் தற்செயலாய் நேரவே முடியாத அளவுக்கு மலிந்து கிடந்தன. கவர்னர் நியமித்த விசாரணையாளரின் அறிக்கை 2011-ல் வெளியாயிற்று. ஆராய்ந்த 56 பாடசாலைகளில் 44-ல் மோசடி. சம்பந்தப்பட்டோர் 178 பேர். அவருள் 38 பேர் தலைமை உபாத்தியாயர்கள்! குழந்தைகள் வீடு சென்றபின் உபாத்தியாயர்களே கூடியமர்ந்து விடைகளை அழித்தெழுதியிருக்கிறார்கள்.

கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்க ஏற்பட்ட சட்டத்தின்கீழ் 35 பேர்மீது 2013-ல் வழக்குத் தொடரப்பட்டது. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2015 ஏப்ரலில் ஜூரிகள் பதினொருவரைக் குற்றவாளிகளென்றனர். கடைசிவரை குற்றத்தை மறுத்த ஹால் அம்மையார், விசாரணைக் கூண்டேறாமலே அதற்கு முந்திய மாதம் நோயால் காலமானார். எழுத்துக் கற்பிப்பவளைக் கொள்ளைக்காரன் நிற்குமிடத்தில் நிறுத்தியது சட்டத்துக்குப் பொருந்தலாம். வக்கீல் தொழில் பழகிய நமக்கும் அது மனத்துக்கு ஒவ்வவில்லை. இலக்கு வகுத்தவர்களையும், பணமும் பயமும் காட்டியவர்களையும் எந்தச் சட்டம் விசாரித்தது? ஆனாலும் அவர்களை நிரபராதிகளென்று நாம் சொல்லோம். வாசிக்கத் தெரியாத குழந்தை தோற்றிருந்தால் அதற்குத் தனிப் போதனை கிடைத்திருக்கும். பொய்த் தேர்ச்சி அதையும் பறித்துவிட்டது.

இது புது ரோகமன்று. இங்கிலாந்தில் 1862-ல் ராபர்ட் லோ என்பவர் கல்வி மானியத்தைப் பரீக்ஷை முடிவோடு பிணைத்தார். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் குழந்தை எதில் தவறினாலும் பாடசாலைக்கு இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் நஷ்டம். விளைவு யாது? இன்ஸ்பெக்டர் வருமுன் வாசகப் புத்தகம் முழுவதையும் குழந்தைகள் நெட்டுருப் போட்டனர். புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டும் 'வாசித்த' பிள்ளைகள் உண்டு! தாமே பாடசாலை இன்ஸ்பெக்டராயிருந்த கவி மாத்யூ ஆர்னால்டு இம்முறையைக் கடுமையாய் எதிர்த்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அது கைவிடப்பட்டது. நம் தேசத்திலும் ஆங்கிலேயர் அதைப் புகுத்தி, 1904-ல் கர்ஸான் பிரபுவின் சர்க்காரே அதைக் கண்டித்தது. கர்ஸானோடு நமக்கு உடன்பாடான விஷயங்கள் மிகச் சில, இஃது ஒன்று.

குழந்தையைச் சோதிக்கவே கூடாதென்பது நம் கட்சியன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தட்டுத் தடங்கலின்றி வாசிக்கிறதா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்று உபாத்தியாயர் மாதந்தோறும் பார்த்தேயாக வேண்டும். ஆனால் அந்தத் தாளிலே அவர் சம்பளமோ, பாடசாலையின் மானியமோ, பிள்ளையின் அடுத்த வகுப்போ தொங்கினால், அன்று முதல் தயாரிக்கப்படுவது தாளேயன்றிப் பிள்ளையன்று. அமெரிக்கரும் 2015 டிசம்பரில் தம் சட்டத்தை மாற்றித் தண்டனைகளைத் தளர்த்தினார்கள். வருஷப் பரீக்ஷையை மட்டும் விடவில்லை.

நம் இராஜ்யத்தில் இவ்வுத்தரவு மறுபடி தலைகாட்டுமாயின், தேச ஊழியர்கள் சட்டசபையிலும் ஜில்லாக் கூட்டங்களிலும் மந்திரிகளை முதலில் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: தேறாத குழந்தைக்கு மறுநாள் காலை யார், எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுப்பார்? அதற்கு எத்தனை உபாத்தியாயர்கள் நியமனமாகியிருக்கிறார்கள்?