கடல் நெகிழியைக் கழுவும் முறை

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருப்பதை நாம் அறிவோம். இத்தகைய ஆய்வுக்கூடத்திற்குக் கடலிலிருந்து நெகிழித் துணுக்குகள் வருமாயின், முதற்பணி கழுவுதலே. எளிய வேலையன்று அது.

பாசி மூடிய துணுக்கின்மேல் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினால், கருவி பாசியையே காட்டும்; நெகிழியின் வகையைக் காட்டாது. பாத்திரம் துலக்குவதுபோல் தேய்த்தாலோ துணுக்கு உடைந்து, ஒன்று பலவாகி, எண்ணிக்கை பொய்த்துவிடும். கடும் நைட்ரிக் அமிலத்தில் இட்டால் நைலான் கரையும். கடலூர் மீனவர் விடும் செவுள்வலையின் இழை பெரும்பாலும் நைலான் அன்றோ! தேடிய பொருளையே நாம் அழித்தவராவோம்.

ஆதலின் 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில், மிதமான சூட்டில் ஊறவைத்து, உயிர்ப்பொருளை மட்டும் சிதைத்து, வடிகட்டிய தூய நீரால் அலசுவர். அலசுவோர் பருத்தியாடை அணிவதும் முறை. பாலியெஸ்டர் சட்டையின் இழையொன்று உதிர்ந்தாலும் அது கடலின் கணக்கில் ஏறிவிடும்.