வெள்ளம் எட்டாத நகல்

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயலின் மழைநீர் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் அபாய அளவைத் தொட்டமையால் சென்ட்ரலிலிருந்து புறப்படவேண்டிய வண்டிகள் பல ரத்தாயின என்பதும், அதே நாள்களில் எண்ணூர்க் கழிமுகத்தின் கரையோர வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து நுழைந்தது என்பதும் வடசென்னைவாசிகள் எளிதில் மறக்கக்கூடிய சங்கதிகள் அல்ல. அடுத்த ஆண்டு அக்டோபரிலும் அப்பாலத்தருகே நீர் உயர்ந்து ரயில் போக்குவரத்துத் தடைப்பட்டது. ஓட்டேரி நல்லா என்னும் ஓடை பக்கிங்காம் கால்வாயோடு கூடுகின்ற இந்தத் தாழ்நிலத்தில் தரைத்தள அறையொன்றில் லாரி புக்கிங் ஆபீசோ, கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகமோ நடத்துகிறவர், மேஜைக்கடியில் சர்வரையும் அதே அறையின் பீரோவில் பேக்கப் டிஸ்கையும் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பாராயின், ஒரே வெள்ளம் அசலையும் நகலையும் ஒருங்கே கொண்டுபோவதற்கு அவரே வழிசெய்து கொடுத்தவராகிறார். நகல் எடுத்தாயிற்றா என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், அந்த நகலைக்கொண்டு எத்தனை நாளில் தொழிலை மறுபடி நடத்தமுடியும் என்று விசாரிப்பதே விவேகம்.

சட்டம் விதிக்கும் கடமை

சட்டமும் இந்த விசாரணையையே நம்மிடம் நடத்துகிறது. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 57ஆவது விதி, மின்னணுப் பதிவேடுகள் விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிய நேர்ந்தால் நியாயமான காலத்துக்குள் அவற்றை மீட்கக்கூடிய வகையில் நகல்களைப் பேணவேண்டும் என்று விதிக்கிறது; ஆகவே, திறக்க இயலாத டிஸ்க் ஒன்றைக் காட்டி, கடமையை நிறைவேற்றிவிட்டதாக யாரும் சாதிக்க இயலாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்கச் சொல்கிறது. கம்பெனிகளாகப் பதிவு பெற்றவை எட்டு நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கவேண்டுமென்பதோடு, மின்னணு முறையில் உள்ள அவற்றின் நகலை இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் எடுத்துவைக்கவும் கடமைப்பட்டவை. கஸ்டம்ஸ் புரோக்கர்களுக்கு 2018ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் குறைந்தது ஐந்தாண்டு என்று வரையறுத்துள்ளன.

அளவின்றிச் சேர்த்துவைப்பதிலும் ஆபத்துண்டு. கான்டிராக்ட் தொழிலாளரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்று ஆகியவை அவர்களைச் சேர்ந்தவை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய விவரங்களைக் கேட்டறியவும், திருத்தவும், தேவை தீர்ந்தபின் அழிக்கக் கோரவும் அவர்களுக்கு உரிமை அளிக்கிறது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறுகிறவர்க்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமளிக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பிரதானக் கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப்பின் நடைமுறைக்கு வருகின்றன.

டிஸ்கும் டேப்பும்

2017 ஜூன் 27ஆம் தேதி நாட்பெட்யா என்னும் நாசகார நிரல் உலகெங்கும் பரவியபோது, மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் கப்பல் குழுமம் நடத்திய முனையமும் ஸ்தம்பித்தது. அக்குழுமத்தின் கணினி வலைக்கு ஆதாரமான சுமார் 150 சர்வர்கள், ஒன்றில் நேர்ந்த மாற்றம் மற்றவற்றிலும் உடனே பதியும்படி இணைக்கப்பட்டிருந்தன; ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்ற நம்பிக்கையில் அமைந்த அந்த ஏற்பாடு, யாவும் ஒருசேர அழிந்தபோது பயனற்றுப்போயிற்று. கானா நாட்டில் மின்தடையால் இணைப்பு அறுந்து கிடந்த ஒரே ஒரு சர்வர்தான் தப்பிப் பிழைத்து, மீட்சிக்கு வித்தாயிற்று. எப்போதும் இணைந்தே இருக்கும் நகல் வைரஸுக்கும் தவறுதலான அழிப்புக்கும் அரணாகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் அரிது.

டேப்பின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. டிரைவிலிருந்து கழற்றி வைத்த காட்ரிட்ஜை எந்த வைரஸும் எட்டுவதில்லை. எல்டிஓ என்னும் டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறைக் காட்ரிட்ஜ் ஒன்றில் சுருக்காமலே 18 டெராபைட் அடங்கும். ஆயின் நெடுங்காலச் சேமிப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் அதற்கு வேண்டியிருப்பதால், ராயபுரத்து உப்புக்காற்று வீசும் சாதாரண அலமாரி அதற்கு உகந்த இடமன்று. மேலும் ஒன்பதாம் தலைமுறை டிரைவ், எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட டேப்பைப் படிக்காதாகையால், டேப்பைக் காப்பவர் பழைய டிரைவையும் காக்கவேண்டும், அல்லது உரிய காலத்தில் புதிய டேப்புக்குப் பெயர்க்கவேண்டும். டிரைவின் விலையும் அதிகம். ஆகவே, கொள்கலன் யார்டின் கேமராப் பதிவுகள், ஆலை வரைபடங்கள் போன்ற பெருந்தொகுதி உடையவர்க்கே டேப் பொருந்தும். டாலிக் கணக்கு மட்டும் உள்ள சிறு வியாபாரிக்கு, மாறிமாறிப் பயன்படும் இரண்டு வெளி டிஸ்குகளும் ஒரு கிளவுட் நகலும் போதுமானவை.

கொள்கையில் இடம்பெற வேண்டியவை

இரண்டு பக்கத்துக்கு மிகாத கொள்கைப் பத்திரம் ஒன்றை முதலாளியே ஆடிட்டரோடு கலந்து எழுதலாம். எத்தனை மணி நேர வேலையை இழந்தால் தாங்கமுடியும், எத்தனை நாளுக்குள் மீண்டாகவேண்டும் என்பவற்றை முதலில் நிச்சயிக்கவேண்டும். பின்னர் தினசரி, வாராந்தர, மாதாந்தர நகல்கள் ஒவ்வொன்றும் எத்தனை காலம் இருக்கவேண்டும், எப்போது, யார் முன்னிலையில் அழிக்கப்படவேண்டும் என்று குறிக்கவேண்டும். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் என்பது உலகெங்கும் வழங்கும் முறை. பேசின் பிரிட்ஜ்வாசி அந்த வேறிடத்தை, அதே கால்வாயின் வெள்ளம் எட்டாத மேட்டுப்பகுதியில் தேடவேண்டும். நகல்களை மறைகுறியாக்கிப் பூட்டி, அதன் கடவுச்சொல்லைத் தனியே இருவர் பொறுப்பில் வைக்கவேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை வேறொரு கணினியில் நகலை மீட்டுப் பார்த்து, தேதியிட்டுக் கையெழுத்திடவேண்டும்.

பரிகாரங்கள்

நனைந்த டிஸ்குக்கு மின்சாரம் கொடுத்துப் பரிசோதிப்பது எஞ்சியதையும் கெடுக்கும். அதைத் தரவு மீட்பு நிபுணரிடமே ஒப்படைக்கவேண்டும். தாக்கல் செய்த ரிட்டர்ன்களை ஜிஎஸ்டி தளத்திலிருந்து பெறலாமாயினும், வவுச்சர்கள் அங்கே கிடையா. மின்னணுச் சாதனக் காப்பீட்டில் தரவை மீட்கும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பாலிசி எடுக்கும்போதே கேட்டுத் தெளியவேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தாக்குதல் நேர்ந்தால், கணினிகளை வலையிலிருந்து துண்டித்து, தடயங்களை அழிக்காமல், 1930 என்ற எண்ணிலும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் செய்யவேண்டும். நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன்னுக்கும் அறிவிக்கவேண்டும். அத்துமீறிக் கணினியில் நுழைந்தவரால் நேர்ந்த நஷ்டத்துக்கு, ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தீர்ப்பளிக்கும் அதிகாரியாகிய மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் விசாரிப்பார். தம் விவரங்கள் கசிந்த தொழிலாளி முதலில் நிறுவனத்திடமும், அங்கே நியாயம் கிட்டாதபோது தரவுப் பாதுகாப்பு வாரியத்திடமும் முறையிடும் வழியைச் சட்டம் வகுத்துள்ளது. இச்சட்டப் பரிகாரங்கள் நஷ்டஈட்டையும் தண்டனையையும் பெற்றுத்தரலாம். போன கணக்கை அவை திருப்பித் தரமாட்டா. ஆதலின் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே ஒரு நகலை மீட்டுப் பார்த்துக் கையெழுத்திடும் வேலையை, கடைப்பையனிடம் விடாமல், அதன் நஷ்டத்தைச் சுமக்கப்போகிற முதலாளியே செய்துமுடிப்பது நலம்.